ஜெர்மனிக்கு இன்டர்ன்ஷிப் போகும் மாணவர் எந்தக் கார்டு எடுப்பது, எந்த இன்ஷூரன்ஸ் எடுப்பது?

போன வாரம் என் சித்தி மகன் கூப்பிட்டான். கோயம்புத்தூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. "அக்கா, ஃபாரெக்ஸ் கார்டு வாங்கட்டுமா, இல்ல அங்க போய் அக்கவுண்ட் திறந்துக்கட்டுமா? இன்ஷூரன்ஸ் டிக்கெட்டோட சேர்த்து எடுத்தா போதுமா?" என்று கேட்டான். நான் 2023-ல் ஆஹன் நகரத்தில் ஐந்து மாதம் இதே மாதிரி இருந்துவிட்டு வந்தவள். அவனிடம் ஒரு மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது எது மலிவு என்பதைத்தான். அது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாக. ஒவ்வொரு செலவிலும் முதலில் யார் கையிலிருந்து பணம் போகிறது, போன பணம் எத்தனை நாளில் திரும்புகிறது? இதை முதலில் பாருங்கள். சம்பளக்காரர் ஒருவருக்கு 80 யூரோ ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் பெரிய சிரமம் இல்லை. மூன்றாவது வாரத்தில் இருக்கும் மாணவருக்கு அந்த 80 யூரோ, பத்து நாள் சாப்பாடு.

முதல் மாதத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பகிர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறை 450 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் தனி. சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஆனால் இரண்டு மாதம் கேட்பது சகஜம். அது 900. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், ரயிலில் போகும் மாதச் சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ (நான் போனபோதுதான் 49 யூரோவில் தொடங்கியிருந்தார்கள்). சாப்பாட்டுக்கு ஒரு 200. போர்வை, பாத்திரம், சிம் கார்டு என்று ஒரு 100. ஆக 1,700 யூரோவைத் தாண்டுகிறது. சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். சேர்ந்த தேதி அந்த மாதக் கணக்கு முடித்த பிறகு என்றால் அடுத்த மாதக் கடைசி. ஆகவே, கிட்டத்தட்ட எட்டு வாரம் ஊரிலிருந்து கொண்டுபோன பணத்தில்தான் ஓட வேண்டியிருக்கும். எந்த வழியை ஒப்பிட்டாலும் இந்த எட்டு வாரத்தை மனதில் வைத்தே ஒப்பிடுங்கள்.

பணம்

கையில் நான்கு வழி இருக்கிறது. நம்மூர் வங்கியின் சாதாரண டெபிட் அல்லது கிரெடிட் கார்டு, யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, மார்க்அப் இல்லாத கார்டு, அங்கே போய்த் திறக்கும் கணக்கு. இவற்றோடு கொஞ்சம் நோட்டு.

சாதாரணக் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்அப் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம். அந்த மார்க்அப் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்குச் சுலபமாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 யூரோ செலவழிக்க ஒரு லட்சத்தோடு 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். ஆறு மாதம் இதிலேயே ஓட்டினால் 25,000 ரூபாய் வரை. அன்றாடச் செலவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவை ஏற்றிவிட்டால், யூரோவில் செலவழிக்கும்போது மார்க்அப் கிடையாது. ஆனால் ஏற்றும் அன்றைக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதில்தான் அவர்கள் லாபம் இருக்கிறது. கூகுளில் காட்டும் விலையைவிட யூரோவுக்கு ஒன்று, ஒன்றரை ரூபாய் கூடுதலாகச் சொல்வார்கள். நான்கு இடத்தில் கேளுங்கள், ஒரே நாளில் கேளுங்கள். மாற்றும்போது ஜிஎஸ்டியும் உண்டு, ஆனால் அது சிறிய தொகை: ஒரு லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் அனுப்பினால் டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தமும் இல்லை. இன்டர்ன்ஷிப் செலவு அந்த எல்லையைத் தொடப்போவதில்லை, அதனால் அதைப் பற்றி அப்பா கவலைப்பட வேண்டாம்.

மார்க்அப் இல்லாத கார்டுகள் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன. வருமானம் இல்லாத மாணவருக்குக் கூட, வங்கியில் ஒரு எஃப்டி போட்டால் அதன் பேரில் கிரெடிட் கார்டு தருகிறார்கள். விலையைப் பார்த்தால் இதுதான் நான்கிலும் நல்லது. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஆன்லைனில் எதையாவது வாங்கினால் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். கிளம்பும் முன் ரோமிங் வேலை செய்ய ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், ரீசார்ஜ் தீராமல் வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். ஆப்பில் போய் நாமே திறக்க வேண்டும். என்னோடு வந்த ஒரு பெண் இதை மறந்துவிட்டாள். ஃபிராங்க்ஃபர்ட் ரயில் நிலையத்தில் டிக்கெட் எந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அப்போது ஊரில் நள்ளிரவு.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. ஃபாரெக்ஸ் கார்டோ, நம்மூர்க் கிரெடிட் கார்டோ வைத்து வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்ப முடியாது. கடையில் தேய்க்கலாம், ஏடிஎம்மில் எடுக்கலாம், அவ்வளவுதான். ஜெர்மனியில் வாடகையும் அட்வான்ஸும் கணக்கிலிருந்து கணக்குக்குப் போவதுதான் வழக்கம். முதல் மாதத்தின் மிகப் பெரிய செலவே உங்கள் கார்டால் கட்ட முடியாத செலவு! இதற்கு இரண்டு வழிதான். அப்பாவின் வங்கியிலிருந்து நேரே வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புவது ஒன்று. பான் எண்ணும் படிவமும் வேண்டும், இரண்டு மூன்று வேலை நாள் ஆகும், நடுவில் இருக்கும் வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்பதாகத் தேர்வு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 900-க்கு 880-தான் போய்ச் சேரும். இன்னொன்று, சாவி வாங்கும் அன்று நோட்டாகக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குவது. இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரை நோட்டாகக் கொண்டுபோகலாம் என்பதால் இதுவும் நடக்கிற காரியம்தான். ஆனால் வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் வராமல், "சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் அட்வான்ஸ் போடு" என்று சொல்பவருக்கு ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். மாணவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அங்கே கணக்குத் திறப்பது நான்காவது வழி. சம்பளம் அதில் விழும், வாடகை அதிலிருந்து போகும், சின்னக் கடைகள் கேட்கும் உள்ளூர் கார்டு அதோடு வரும். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டை ஏற்காத ரொட்டிக்கடையும் முடிதிருத்தகமும் இன்னும் நிறைய இருக்கின்றன, அங்கே நோட்டுதான். சட்டப்படி அங்கே முறையாகத் தங்கும் எவருக்கும் ஓர் அடிப்படைக் கணக்குத் திறக்கும் உரிமை உண்டு. ஆனால் நாள் ஆகும். வங்கி பொதுவாக முகவரிப் பதிவுச் சான்றிதழ் கேட்கும். அதற்கு நகராட்சி அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், நேரம் கிடைப்பது ஊரைப் பொறுத்தது. அப்புறம் கார்டு ஒரு தபாலிலும் ரகசிய எண் வேறொரு தபாலிலும் வரும்.

இந்தத் தபாலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பொதுவாகத் தனிக் கதவு எண் கிடையாது. ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு வீடு இருந்தாலும் முகவரி ஒன்றுதான். தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை. என் அறை இன்னொருவர் பெயரில் இருந்த வீட்டில். பெட்டியில் அவர் பெயர் மட்டும். எனக்கு வந்த கார்டு திரும்பிப் போய்விட்டது, எனக்குத் தெரிந்ததே பத்து நாள் கழித்து. வீட்டிலிருந்த பெண் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் என் பெயரை எழுதி, அவர் பெயருக்குக் கீழே ஒட்டி, மேலே செல்லோடேப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரமே கார்டு வந்தது. போய் இறங்கிய முதல் நாளே பெயரை ஒட்டிவிடுங்கள். பெட்டியை மூடும்போது இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஸ்டிக்கர் மழையில் உரிந்துவிடும்.

விசாவுக்காகத் தடைக்கணக்கு (தங்கும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுப் பூட்டி வைக்கும் கணக்கு) திறக்கச் சொன்னால் என்ன செய்வது என்றும் தம்பி கேட்டான். படிக்கப் போகிறவர்கள் அதில் காட்ட வேண்டியது மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ என்பது 2024 செப்டம்பரிலிருந்து இருக்கும் அளவு. இன்டர்ன்ஷிப் உதவித்தொகை போதாது என்று தூதரகம் கருதினால், குறையும் தொகைக்கு இப்படி ஏதாவது ஆதாரம் காட்டச் சொல்லலாம். அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் மாதத்துக்கு ஒரு பங்குதான் வெளியே வரும், அதுவும் அங்கே போய்ச் சரிபார்ப்பு முடித்து, ஒரு நடப்புக் கணக்கு தயாரான பிறகு. தடைக்கணக்கில் ஐந்து லட்சம் இருக்கிறதே என்று முதல் மாதக் கைச்செலவைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள்.

அவனுக்கு நான் சொன்ன கலவை இதுதான். 500 யூரோ நோட்டாக, அதில் பாதி பத்து இருபது யூரோ நோட்டுகளாக. ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 யூரோ. எஃப்டி பேரில் எடுத்த மார்க்அப் இல்லாத கார்டு ஒன்று, பர்ஸில் வைக்காமல் பெட்டிக்குள். அட்வான்ஸை அவன் அப்பா நேரே அனுப்பட்டும். போன முதல் வாரமே கணக்குத் திறக்கும் வேலையைத் தொடங்கட்டும். ஏடிஎம்மோ கடை எந்திரமோ "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் விலையை அந்த எந்திரக்காரர் முடிவு செய்கிறார், அது நமக்குச் சாதகமாக இருக்காது.

இன்ஷூரன்ஸ்

இங்கே முடிவு எடுப்பதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் பயிற்சியைக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள பயிற்சியாகப் பதிகிறார்களா, நீங்களாக விரும்பி எடுத்ததாகப் பதிகிறார்களா என்று கேளுங்கள். இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. விரும்பி எடுத்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும். 2026-ல் அது மணிக்கு 13.90 யூரோ, முழுநேரம் என்றால் மாதம் 2,400 யூரோ அளவில் வரும். அப்படியானால் சம்பளத்திலிருந்தே அரசு மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள். அடிப்படைப் பங்கு 14.6 சதவீதம், அதன் மேல் அந்தந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கூடுதல் பங்கு. இரண்டிலும் பாதி உங்களுடையது, பாதி அவர்களுடையது. கட்டாயப் பயிற்சி என்றால் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது, பொதுவாக அரசு காப்பீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு இன்டர்ன்ஷிப்புக்குத் தரும் வைஸ் (WISE) உதவித்தொகையில் போகிறவர்களுக்கு மருத்துவம், விபத்து, பிறருக்கு நேரும் சேதம் என்று மூன்றுக்கும் காப்பீடு அதிலேயே சேர்ந்து வரும். அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

அரசு காப்பீடு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மருத்துவரிடம் கார்டைக் கொடுத்தால் போதும், பில்லே உங்கள் கைக்கு வராது. சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் பொதுவாக 5 முதல் 10 யூரோ, மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதோடு முடிந்தது. ஆனால் அது வேலை தொடங்கும் நாளிலிருந்துதான். நீங்கள் பத்து நாள் முன்னால் போய் இறங்கினால் அந்தப் பத்து நாளுக்கு வேறு காப்பீடு வேண்டும்.

மற்றவர்களுக்கு இரண்டு தேர்வு. விமான டிக்கெட்டோடு நம்மூரில் எடுக்கும் பயணக் காப்பீடு ஒன்று, ஜெர்மன் நிறுவனங்கள் வெளிநாட்டு விருந்தினர்களுக்கென்று விற்கும் காப்பீடு இன்னொன்று. மாவிஸ்டா, கேர் கான்செப்ட், ஹன்ஸேமெர்குர் போன்ற பெயர்களைத் தேடும்போது பார்ப்பீர்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு இருந்தால் போதும் என்பதால், 90 நாளுக்குள் திரும்பிவிடும் பயிற்சிக்கு நம்மூர்ப் பயணக் காப்பீடு விசாவைத் தாண்ட வைத்துவிடும். ஆனால் விசாவுக்குப் போதுமானது உடம்புக்கும் போதுமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரீமியத்தில் தேடினால் கிடைக்காது. யார் முதலில் கட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பயணக் காப்பீடு பெரிய விபத்து, மருத்துவமனையில் சேர்வது போன்றவற்றுக்காகச் செய்தது. அப்போது உதவி எண்ணைக் கூப்பிட்டால் அவர்களே மருத்துவமனையோடு பேசிக் கட்டுவார்கள். ஆனால் ஒரு மாணவருக்கு ஆறு மாதத்தில் நடக்கக்கூடியது காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல்வலி. இந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்கு நீங்கள் கட்டிவிட்டு, அசல் பில், மருத்துவர் அறிக்கை எல்லாம் சேர்த்து அனுப்பி, திரும்ப வாங்க வேண்டும். முதல் 100 டாலர் உங்கள் பொறுப்பு என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. 80 யூரோ பில்லுக்குத் திரும்ப வருவது பூஜ்யம். என் பக்கத்து அறையில் இருந்த பையனுக்கு இதுதான் நடந்தது. காய்ச்சலுக்கு இரண்டு முறை போனான், இரண்டும் தனித்தனி நிகழ்வு என்று கணக்காகி எதுவும் திரும்பவில்லை. மூன்றாவது முறை உடம்பு சரியில்லாதபோது மருத்துவரிடம் போகவே தயங்கினான். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது. காப்பீடு இருந்தும் ஒரு பிள்ளை காய்ச்சலோடு அறையில் படுத்துக் கிடப்பதற்கு, அந்தப் பாலிசி எதற்கு?

ஜெர்மன் பாலிசியில் பொதுவாக மருத்துவர் பில்லைத் தபாலில் அனுப்புவார், கட்டுவதற்குச் சில வாரம் தவணை இருக்கும். அதற்குள் பில்லைப் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்களே மருத்துவருக்குக் கட்டுவார்கள், அல்லது உங்கள் கணக்கில் போடுவார்கள். எல்லா மருத்துவரும் காத்திருப்பார் என்று சொல்ல முடியாது, சிலர் கையோடு கேட்பார்கள். ஆனாலும் பில் ஜெர்மன் மொழியில் இருந்தாலும் யாருக்கும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டாம், கணக்கும் அங்கேயே இருக்கிறது. மாதா மாதம் நிறுத்தக்கூடிய பாலிசியாக எடுத்தால், நிறுவனம் பின்னால் அரசு காப்பீட்டில் சேர்த்தாலும் நஷ்டம் இல்லை. தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான்: விமானம் ஏறும் தேதியிலிருந்து தொடங்கும் ஜெர்மன் பாலிசி, ஆறு மாதத்துக்கும். கட்டுவதற்கு முன் மூன்று விஷயத்தை மட்டும் படித்துப் பார்: ஒவ்வொரு முறையும் உன் கையிலிருந்து எவ்வளவு, பல்வலிக்கு எவ்வளவு வரை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன சொல்கிறார்கள். ஆஸ்துமா, தைராய்டு மாதிரி எதற்காவது மாத்திரை எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கான மருந்தை மருத்துவர் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பழைய நோயைப் பொதுவாக இரண்டு வகைப் பாலிசியும் ஒதுக்கி வைக்கும்.

விபத்துக் காப்பீடு தனியாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. ஏப்ரல் மாதம், தூறல். காலையில் ஆய்வகத்துக்கு நடந்து போகும்போது பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் கால் வழுக்கி, கணுக்கால் முறுக்கிக்கொண்டது. மதியத்துக்குள் வீங்கிவிட்டது. மருத்துவமனை வரவேற்பில் என் காப்பீட்டுத் தாளை நீட்டினேன். அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை. "எங்கே விழுந்தீர்கள்? எத்தனை மணிக்கு? எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். வேலைக்குப் போகும் வழியில் என்றதும் வேறொரு படிவத்தை எடுத்தார். ஜெர்மனியில் வேலையிடத்திலும், வீட்டிலிருந்து அங்கே போய்வரும் வழியிலும் நடக்கும் விபத்துக்கு, நிறுவனம் கட்டும் சட்டபூர்வ விபத்துக் காப்பீடு பொறுப்பு. இன்டர்ன்களும் அதில் உண்டு, நம் பணம் ஒரு சென்ட் கூடப் போகாது. எக்ஸ்ரே, கட்டு, பிசியோதெரபி எல்லாம் அதிலேயே முடிந்தது. இதற்கென்றே தகுதி பெற்ற மருத்துவரிடம் போக வேண்டும், நிறுவனத்துக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போய் விழுந்தால் இது வராது, அது உங்கள் சொந்தப் பாலிசியின் பாடு.

கடைசியாக, நம்மூரில் பழக்கமே இல்லாத ஒன்று: பிறருக்கு நாம் செய்யும் சேதத்துக்கான காப்பீடு. ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்பார்கள். சைக்கிளில் போகும்போது யாரையாவது இடித்துக் காயப்படுத்தினால் முழுச் செலவும் உங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பு என்று எதுவும் அங்கே சட்டத்தில் இல்லை. இன்னும் சாதாரணமாக நடப்பது சாவி தொலைவது. பல கட்டடங்களில் ஒரே சாவி வெளிக்கதவு, நிலவறை, உங்கள் வீடு எல்லாவற்றையும் திறக்கும். அது தொலைந்தால் கட்டடத்தின் எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்று பில் வரலாம். அது ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகும். வருடப் பிரீமியமோ நல்ல சாப்பாடு இரண்டு மூன்று வேளைக்கு ஆகும் தொகைதான். மருத்துவப் பாலிசியோடு சேர்த்தே விற்கிறார்கள். சாவி என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, வேலையிடத்துச் சாவியும் சேருமா என்று பாருங்கள். நான் இரண்டும் சேர்ந்த பாலிசிதான் எடுத்தேன், நல்ல வேளை அதைத் தொட வேண்டி வரவில்லை.

திரும்பி வரும்போது ஒரு விஷயம். வீட்டைக் காலி செய்த அன்றே அட்வான்ஸ் கைக்கு வராது. தண்ணீர், வெப்பக் கணக்கு முடித்துக் கொடுக்கச் சில மாதம் எடுத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அதைக் கேட்டு வாங்க நான்கு வருடம் வரை விண்ணப்பிக்கலாம், அந்தப் பணமும் ஏதாவது ஒரு கணக்கில்தான் விழ வேண்டும். ஆகவே ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஜெர்மன் கணக்கை மூடிவிடாதீர்கள். என் அட்வான்ஸ் நான் திருச்சி வந்து இரண்டரை மாதம் கழித்துத்தான் விழுந்தது, 38 யூரோ பிடித்தம் போக. அதற்கப்புறம்தான் கணக்கை மூடினேன்.